ஊதாரியின் உதாரணம்

"இன்னையிலேருந்து இந்த வீட்டுல கடன் அட்டை கிடையாது. எல்லாம் ரொக்கம்தான். கையில இருந்தா வாங்குவோம். இல்லேன்னா கையைக் கட்டிக்கிட்டு இருப்போம்."

தல்சூ இந்தப் பிரகடனத்தைச் செய்தபோது அவர் மனைவி மால்சுக் குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து, சீனக் கோஸை இதழ் இதழாக விலக்கி உப்புத் தூவிக்கொண்டிருந்தாள். நவம்பர் மாதம். குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டு வைக்கிற வாரம். கொரியாவின் இஞ்சியோன் நகரில் எந்த அடுக்குமாடி வீட்டுக் கதவைத் திறந்தாலும் முதலில் கோஸ்தான் வரவேற்கும். மனிதர்கள் அப்புறம்தான்.

"சரி" என்றாள் மால்சுக்.

இதுதான் தல்சூவுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த எந்தப் பிரகடனத்துக்கும் முதல் சுற்றிலேயே 'சரி' கிடைத்ததில்லை. மாடிப்படியில் ஒரு படி குறைந்தது போல அவருக்குக் கால் தடுமாறியது.

"ஏன்னு கேக்க மாட்டியா, ஜின் அம்மா?" பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் அவர் அவளை அழைப்பார்.

"ஏன்? அந்த மிளகாய்த்தூள் வாளியை இந்தப் பக்கம் தள்ளுங்க."

தள்ளினார். காரணத்தையும் சொன்னார்.

தல்சூ, ஒரு பெண்கள் வணிகப் பள்ளியில் பொருளாதார ஆசிரியர்; 'நாம்' என்பது குடும்பப் பெயர் என்பதால் அங்கே அவர் 'நாம் சார்'. கடைசி வருஷத்துப் பெண்களில் பாதிப் பேர் மாதம் முடிவதற்குள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த வருஷம் ஊரில் அட்டை மழை. ரயில் நிலைய வாசலிலெல்லாம் மடக்கு மேசை போட்டு ஆட்கள் நின்றார்கள். கையெழுத்துப் போட்டால் கடன் அட்டை. கூடவே ஒரு குடை, இல்லையென்றால் பொம்மைக் கரடி. சம்பளம் என்ன என்று கேட்கமாட்டார்கள். குடை என்ன நிறம் வேண்டும் என்றுதான் கேட்பார்கள்.

போன வருஷம் பள்ளியை முடித்த காங் மி-ஓக் வகுப்பிலேயே முதல் மாணவி. வேலைக்குப் போன ஆறே மாதத்தில் பை நிறைய அட்டை. ஒன்றில் எடுத்து இன்னொன்றுக்குக் கட்டி, அதில் எடுத்து மற்றொன்றுக்குக் கட்டி, கடைசியில் கட்ட எதுவும் இல்லாமல் எங்கேயோ ஓடி ஒளிந்துவிட்டாள். வசூல்காரர்கள் அவள் அம்மாவின் நூடுல்ஸ் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அந்தத் தாய் தலைமை ஆசிரியர் அறைக்கு வந்து அழுதபோது தல்சூவும் அங்கே நின்றிருந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்கதானே சார் அவளுக்குப் பொருளாதாரம் சொல்லிக் குடுத்தீங்க?"

அந்தக் கேள்வி தல்சூவின் நெஞ்சில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. ஆகவே தலைமை ஆசிரியர் பாங், "கடைசி வருஷப் பெண்களுக்குப் பணத்தைப் பற்றி இரண்டு நாள் பேசுங்கள்" என்றதும் உடனே ஒத்துக்கொண்டார்.

"பாவம் அந்தப் பொண்ணு" என்றாள் மால்சுக். "நல்லா பேசுங்க."

"வெறும் பேச்சு பத்தாது. புள்ளைங்க கண்ணு முன்னாடி ஒரு அட்டையை வெட்டப் போறேன். கத்தரிக்கோலால. நறுக்குன்னு. அது அவங்க மனசுல நிக்கும். அதுக்கு ஒரு அட்டை வேணும்."

"உங்ககிட்டதான் ரெண்டு இருக்கே."

"என்னுது... அது சம்பளக் கணக்கோட சேர்ந்தது. சிக்கல் புடிச்சது."

"அப்ப என்னுது?"

"உன்னுது சிக்கல் இல்லாதது."

மால்சுக் உப்புக் கையால் ஒரு கோஸைப் புரட்டிப் போட்டாள். "கைப்பையில இருக்கு. எடுத்துக்கோங்க."

மறுபடியும் உடனே. தல்சூ அட்டையை எடுத்துக்கொண்டு கூடத்தில் அங்கும் இங்கும் நடந்தார். ஏன் கொடுத்தாள்? எப்படிக் கொடுத்தாள்? அண்டை வீட்டு அம்மாக்கள் பத்துப் பேரைச் சேர்த்து வருஷக்கணக்காகச் சீட்டு நடத்துகிறவள். ஒரு காசு கையை விட்டுப் போவதற்குள் அதன் ஜாதகத்தையே விசாரிப்பவள். அட்டையைக் கோஸ் இலை மாதிரி எடுத்துக் கொடுத்துவிட்டாளே!

தல்சூவின் அட்டையில் இருந்த சிக்கலுக்குப் பெயர் சாக்ஸபோன்.

கோடைக்காலத்தில் புபியோங் பகுதியின் நிலத்தடிக் கடைத்தெருவுக்கு அவர் சாக்ஸ் வாங்கப் போயிருந்தார். சாக்ஸ் கடைக்கு அடுத்த கடை வாத்தியக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் தங்க நிறத்தில், கழுத்தை வளைத்து, ஒரு மகாராணி போல அது உட்கார்ந்திருந்தது. ஐம்பது தாண்டிய தல்சூவுக்குச் சட்டென்று இருபது வயதாகிவிட்டது.

"பன்னிரண்டு லட்சம் வொன் சார். ஆனா பன்னிரண்டு தவணை. மாசம் ஒரு லட்சத்துச் சொச்சம்தான்" என்றான் கடைக்காரன்.

ஆண்டாண்டு காலமாகக் கூட்டு வட்டி கற்பித்த வாய், "சொச்சம்தானே!" என்றது.

அதை மலையேறும் முதுகுப் பையில் போட்டு, அலமாரியின் மேல் தட்டில் கம்பளிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் "மலையேறப் போறேன்" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். பாதி மலையில் ஒரு பாறைக்குப் பின்னால் நின்று ஊதுவார். அந்தப் பக்கம் இருந்த காக்கைகள் வேறு மலைக்குக் குடிபெயர்ந்துவிட்டன. உதடு வீங்கி வீட்டுக்கு வருவார். "மலைக் காத்து" என்பார். "பலமான காத்துதான்" என்பாள் மால்சுக்.

திங்கட்கிழமை முதல் பேச்சு. பள்ளியின் பெரிய கூடம் நிறையப் பெண்கள். முன் வரிசையில் தலைமை ஆசிரியர்.

தல்சூ நன்றாகவே பேசினார். "அட்டைன்னு ஏன் பேரு வச்சாங்க தெரியுமா? ஒட்டிக்கிட்டா விடாது. உறிஞ்சும். உறிஞ்சுறது தெரியவும் தெரியாது. வயிறு நிறைஞ்சப்புறம்தான் விழும். அப்ப உங்ககிட்ட ரத்தம் இருக்காது!" பெண்கள் சிரித்தார்கள். மி-ஓக்கின் பெயரைச் சொல்லாமல் அவள் கதையைச் சொன்னார். சிரிப்பு நின்றது. பிறகு கத்தரிக்கோலை உயர்த்தி, மால்சுக்கின் அட்டையை நறுக்கென்று இரண்டாக வெட்டினார். கைதட்டல்.

அரைத் துண்டு ஒன்று தெறித்துப்போய் முன் வரிசையில் விழுந்தது. பியோன் சொரா என்ற பெண் அதைக் குனிந்து எடுத்தாள்.

"சார், இதுல கூ மால்சுக்னு இருக்கு."

"ஆமா... அது எங்க வீட்டுல."

"அப்ப உங்க அட்டை எங்க சார்?"

கூடமே அவரைப் பார்த்தது. தலைமை ஆசிரியரும் ஆவலோடு பார்த்தார். தல்சூவின் வலது கால் தானாக ஆட ஆரம்பித்தது. அந்தக் கால் பொய் சொல்லும்போதெல்லாம் ஆடும்.

"எங்க வீட்டுல பணம் பாக்குறது அவங்கதான்மா. நான் வெறும் சம்பளத்தைக் கொண்டுபோய்க் குடுக்குற ஆளு. எல்லாம் அவங்க சாமர்த்தியம்!"

தப்பித்துவிட்டோம் என்று நினைத்தார். சொரா விடவில்லை. "அப்ப அவங்களே வந்து பேசலாமே சார்! அட்டையை வெட்டச் சொல்லிக் குடுத்து அனுப்புற அம்மா எவ்வளவு பெரிய ஆளா இருப்பாங்க!"

"பிரமாதமான யோசனை!" என்று எழுந்தார் தலைமை ஆசிரியர். "சனிக்கிழமை இரண்டாவது பேச்சை உங்கள் மனைவியே பேசட்டும். நானே போன் போட்டு அழைக்கிறேன்."

அன்று மாலை தல்சூ வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே மால்சுக் சொன்னாள்: "நான் மாட்டேன்னுதான் சொன்னேன். உங்க பெரிய சார் விடலை. எனக்கென்னங்க பேசத் தெரியும்?"

தல்சூவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவள் பயப்படுகிறாள்! ஆசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாடம் நடத்தினார்.

"சும்மா சாதாரணமா பேசு. வரவு, செலவு, சேமிப்பு. அவ்வளவுதான்."

"தெரிஞ்ச ஒருத்தர் கதையைச் சொல்லட்டுமா? தவணையில மாட்டிக்கிட்டவரு."

"தாராளமா சொல்லு! உதாரணம் இருந்தாத்தான் பசங்க மனசுல ஏறும். பேரை மட்டும் சொல்லிடாதே. அது நாகரிகம் இல்ல."

"பேரு சொல்லக் கூடாது" என்று மனப்பாடம் செய்வது போலத் திருப்பிச் சொன்னாள் மால்சுக். "அப்புறம் கதையில ஆளு யாருன்னு கேட்டா?"

"யாரு கேட்டாலும் சொல்லாதே. நானே கேட்டாலும் சொல்லாதே!" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அவளும் சிரித்தாள்.

ஆனால் அந்த வாரம் முழுக்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் உட்காரத் தோன்றியது. மால்சுக் ஒரு நாள் பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். "என்ன பேசணும்னு கேக்கப் போனேன்." அவள் கோஸுக்கு மசாலா தடவிக்கொண்டே மெல்ல ஒரு பாட்டை முணுமுணுத்தாள். மலையில் அவர் ஊதிப் பழகிய பாட்டு. வானொலியில் கேட்டிருப்பாள் என்று சமாதானம் செய்துகொண்டார். கால் ஆடியது.

சனிக்கிழமை வந்தது. மால்சுக் தன் ஊதா நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேடையேறினாள். தல்சூ பின் வரிசையில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்குப் பேசத் தெரியாது. சீட்டு நடத்தத்தான் தெரியும். அங்க வாயைத் திறந்தா பணம் போயிடும். அதனால மூடியே பழகிட்டேன். தெரிஞ்ச ஒருத்தர் கதையைச் சொல்றேன். பேரு சொல்ல மாட்டேன். பேரு சொல்றது நாகரிகம் இல்லேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்காரு."

எல்லோரும் திரும்பித் தல்சூவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் பெருமையோடு தலையசைத்தார்.

"நல்ல உத்தியோகம் அவருக்கு. நல்லா படிச்சவரு. ஒருநாள் கடைத்தெருவுக்குச் சாக்ஸ் வாங்கப் போனாரு."

தல்சூவின் தலை அசைவது நின்றது. சாக்ஸ் யார்தான் வாங்கவில்லை? உலகமே கால்களால்தான் நடக்கிறது.

"சாக்ஸ் வாங்கப் போன மனுஷன் சாக்ஸபோன் வாங்கிட்டு வந்தாரு."

கூடம் வெடித்தது. பெண்கள் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். முன் வரிசையில் தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தல்சூவின் கால் ஆடிய ஆட்டத்தில் மடக்கு நாற்காலி கிரீச்சிட்டது.

"ரொக்கமா இல்ல. தவணை. மாசம் ஒரு லட்சத்துச் சொச்சம். அந்தச் சொச்சம் என்னன்னு அவரு கேக்கலை. கேட்டிருந்தா வட்டின்னு சொல்லியிருப்பாங்க. ஊதுறதுக்கு ஆசைப்பட்டு ஊதாரியாயிட்டாரு. சரி, ஆசை. மனுஷனுக்கு ஆசை இருக்கக் கூடாதா? இருக்கலாம். வீட்டுல சொல்லியிருக்கலாம். சொல்லலை. சங்கத்துச் சந்தாவை ஏத்திட்டாங்கன்னு சொல்லி சம்சாரத்துகிட்ட மாசாமாசம் வாங்கினாரு."

"அய்யோ!" என்றாள் சொரா.

"அதுவும் ஒரு மாசம் பத்தலை. என்ன பண்ணினாரு? ரயில் நிலையத்துப் பக்கம் இருக்குற மெஷின்ல ரெண்டாவது அட்டையைப் போட்டுப் பணம் எடுத்து, முதல் அட்டைக்குக் கட்டினாரு. யாரும் பாக்கலைன்னு நினைச்சாரு. அந்த அம்மா சீட்டுல இருக்குற பொம்பளை ஒருத்தி அவருக்குப் பின்னாடியே வரிசையில நின்னுக்கிட்டிருந்தா."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒன்றில் எடுத்து இன்னொன்றுக்குக் கட்டுவது எதில் போய் முடியும் என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். மி-ஓக்கோடு ஒரே பேருந்தில் வந்தவர்கள் அதில் இருந்தார்கள்.

தல்சூவின் கால் ஆடுவதும் நின்றுவிட்டது. இதே மேடையில் நின்று அவளைப் பற்றிச் சொன்னபோது, தான் செய்ததும் அதுதான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தான் செய்தது ஏதோ ஒரு சின்ன மாற்று ஏற்பாடு, அவள் செய்தது கடன் என்றே நினைத்திருந்தார். மெஷின் முன்னால் நின்ற அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது. அடுத்த மாதம் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தாரே. அந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

"அப்புறம் அந்த அம்மா எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று ஒரு குரல் கேட்டது.

"குளிர் வந்துச்சு. கம்பளி எடுக்க அலமாரியைத் திறந்தாங்க, பின்னாடி பையும் கடை ரசீதும் இருந்துச்சு. அவ்வளவு படிச்சவருக்குக் குளிர்காலம் வரும்னு தோணலை."

"கோவம் வரலையா?"

"வந்துச்சு. ஆனா கோவத்தை யாரும் விலைக்கு வாங்க மாட்டாங்களே. சாக்ஸபோனை வாங்குவாங்க. வித்துட்டாங்க."

படாரென்று சத்தம். தல்சூ எழுந்துவிட்டார். மடக்கு நாற்காலி தன்னைத்தானே மடக்கிக்கொண்டு தரையில் கிடந்தது. கூடம் முழுக்கத் திரும்பியது.

"என்ன நாம் சார்?" என்றார் தலைமை ஆசிரியர்.

தல்சூ வாயைத் திறந்தார். 'என் சாக்ஸபோன்' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்து, நூறு ஜோடிக் கண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"தண்ணி... பேசுறவங்களுக்குத் தண்ணி வேணுமோன்னு..."

"வேணாங்க. உக்காருங்க" என்றாள் மால்சுக் அன்பாக. "வந்த பணத்தை ரெண்டு அட்டைக்கும் கட்டித் தீர்த்துட்டாங்க. ஆனா ஒண்ணு, புள்ளைங்களா. கத்தரிக்கோல் அட்டையைத்தான் வெட்டும், கடனை வெட்டாது. கட்டி முடிச்சு, நிறுவனத்தைக் கூப்பிட்டு, கணக்கை மூடச் சொல்லணும். அதுவரைக்கும் வெட்டுறது வெறும் வேடிக்கைதான். முதல் சம்பளம் வாங்குனதும் சாப்பாடு, பேருந்து, வீட்டு வாடகை, இதுக்கு எடுத்து வைங்க. கொஞ்சம் ஒதுக்குங்க. மிச்சத்துல ஆசைப்படுங்க. மிச்சம் இல்லேன்னா கடைப் பக்கம் போகாதீங்க. சாக்ஸ் வாங்கக்கூட."

"அவரு என்ன சொன்னாரு, அந்த ஆளு?" என்று கேட்டாள் சொரா.

"இன்னும் ஒண்ணும் சொல்லலைம்மா. இப்பத்தான் அவருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கும்."

கைதட்டல் ஓயவே இல்லை. தலைமை ஆசிரியர் தல்சூவை மேடைக்கு அழைத்தார். "நன்றியுரை, நாம் சார். ரெண்டே வார்த்தை."

தல்சூ ஒலிவாங்கியைப் பிடித்தார். "அந்த மனுஷன்... அடிப்படையில நல்லவராத்தான் இருந்திருப்பாரு."

"நல்லவருதான்" என்றாள் பக்கத்தில் நின்ற மால்சுக். "அதனாலதான் இன்னும் சோறு போடுறாங்க."

பெண்கள் கலைந்து போனார்கள். ஒருத்தி மட்டும் போகவில்லை. சொரா, மேடை ஓரத்தில் காலணி நுனியால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா... போன வாரம் நான் ஒண்ணுல கையெழுத்துப் போட்டுட்டேன். தலைமுடி காய வைக்கிற மெஷின் குடுத்தாங்க. வேலை கிடைச்ச இடத்துப் பேரைச் சொன்னா போதும்னாங்க."

"அட்டை வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. ஒரு கோட்டு வாங்கிட்டேன். இன்னும் போட்டுப் பாக்கலை. வீட்டுல தெரியாது."

"விலைச்சீட்டு இருக்கா கோட்டுல?"

"இருக்கு."

"அப்ப இன்னும் உன் கோட்டு இல்ல அது, கடைக்காரன் கோட்டுதான். நாளைக்குத் திருப்பிக் குடுக்கலாம். நான் கூட வர்றேன். இப்ப முதல்ல அட்டைக்காரங்களைக் கூப்பிடு." மால்சுக் அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, தல்சூவைப் பார்த்துக் கையை நீட்டினாள். "உங்க கைபேசியைக் குடுங்க."

சொரா எண்ணை அழுத்திப் பேசினாள். அந்தப் பக்கம் என்னென்னவோ சலுகை சொன்னார்கள் போலிருக்கிறது. மால்சுக் அவள் காதருகே குனிந்து, "வேணாம்னு மட்டும் சொல்லு. காரணம் சொல்லாதே, காரணம் சொன்னா புடிச்சுக்குவாங்க" என்றாள். "வேணாம்" என்றாள் சொரா. "வேணாம். வேணாம்." பேசி முடித்ததும் அழுதுவிட்டாள்.

மால்சுக் கைபேசியைத் தல்சூவிடம் திருப்பி நீட்டினாள். "சூடு ஆறுறதுக்குள்ள நீங்களும் கூப்பிட்டுடுங்க. அந்த ஆளுக்காக."

சொரா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண்கள் மெல்ல விரிந்தன. தல்சூ அந்தக் கண்களுக்குப் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, முதல் அட்டையின் எண்ணைப் படிக்க ஆரம்பித்தார். பிறகு இரண்டாவது.

வீட்டுக்குப் போகிற பேருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தல்சூ சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். மெல்லச் சொன்னார்:

"தப்புதான்."

"ம்."

"சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா சீட்டு எடுத்துக் குடுத்திருப்பேன். வட்டி இல்லாம ஊதியிருக்கலாம்."

தல்சூவுக்கு இது சாக்ஸபோன் போனதைவிட அதிகமாக வலித்தது. பெருமூச்சு விட்டார்.

"நல்ல விலை வந்துச்சா?"

"புதுசு மாதிரி இருந்துச்சே. அவ்வளவா ஊதுன மாதிரி தெரியலைன்னாரு வாங்குனவரு."

"யாரு அது?"

"உங்க பெரிய சார்தான். பேச்சைப் பத்திக் கேக்கப் போனேன் பாருங்க, அப்பவே மலைப் பையில போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நாள் ஆசையாம். மொத்தமும் ரொக்கம். அவரு சம்சாரம்தான் எண்ணிக் குடுத்தாங்க."

முன் வரிசையில் தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தது தல்சூவின் கண்முன் வந்தது. "ஆனா அவருக்கு ஊதத் தெரியாதே!"

"ஆமா. அதான் ஞாயித்துக்கிழமை காலையில நீங்க போய்ச் சொல்லிக் குடுப்பீங்கன்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கேன். மாசாமாசம் கட்டணத்தை என் கையில குடுத்துடுவாரு."

"ஜின் அம்மா! எந்தப் பாட்டும் எனக்குப் பாதிக்கு மேல வராது!"

"தெரியும்" என்றாள் மால்சுக். "அதனாலதான் பாதிக் கட்டணம் பேசியிருக்கேன்."